உங்களுக்குத் தெரியுமா? கடலலைக்கும் உண்டு ஹெர்ட்ஸ்!

மாமல்லபுரம் கடற்கரையில் 10 விநாடிக்கு ஓர் அலை கரையேறினால், அதன் அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ். ஒரு நிகழ்வு விநாடிக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதே இந்தக் கணக்கு.

● மின்காந்த அலைகள் இருப்பதை 1887-88இல் சோதனை செய்து காட்டிய ஜெர்மானியர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயரே இந்த அலகுக்குச் சூட்டப்பட்டது.

● செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. 60ஆல் வகுத்தால் விநாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருப்பது இப்படித்தான். வேண்டுமானால் மிக்ஸியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்!

● ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ். பத்து லட்சம், மெகாஹெர்ட்ஸ். நூறு கோடி, கிகாஹெர்ட்ஸ். சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம். ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸ்; வைஃபை 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ்.

● கடலில் ஆபத்து என்றால் படகிலிருந்து உதவி கேட்க, வி.எச்.எஃப். கருவியில் 16ஆம் சேனல். அது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க இதே எண்தான்.

● சுனாமியின் அதிர்வெண்ணோ இதற்கு நேர்மாறாக மிகக் குறைவு. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 20 நிமிட இடைவெளி என்றால், அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பக் கூடாது என்பது அடுத்த அலை இப்படித் தாமதமாக வரும் என்பதால்தான்.