ஒரு கிண்ணம் காய் எத்தனை கிராம்?

"வேளைக்கு 100 கிராம் வெந்த காய் சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறையில் இருப்பது கிண்ணமும் கரண்டியும்தான். "எந்தக் காயானால் என்ன, ஒரு கிண்ணம் வைத்தால் போதும்" என்று தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சற்றுப் பார்ப்போமே!

நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அரிசியைப் படியால் அளந்தார்கள். காயைப் பலம், வீசை என்று நிறுத்துத்தான் வாங்கினார்கள். 1958-ல் மெட்ரிக் எடைகள் நுழைந்து, 1962-ல் கட்டாயமாகி, பலம் போய்க் கிராம் வந்தது. ஆனால் காயை நிறுக்க வேண்டும் என்ற நியாயம் மாறவில்லை.

தண்ணீரிடம் தொல்லையே கிடையாது. 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் 200 கிராம் தண்ணீர் நிற்கும். காய் அப்படியல்ல. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் காற்று சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. மசித்துவிட்டாலோ, காற்று வெளியேறி, அந்த இடத்தையும் காயே பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்க விவசாய இலாகாவின் உணவு அட்டவணைப்படி, சுமார் 240 மில்லி பிடிக்கும் ஒரு கிண்ணத்தில், வேகவைத்து நீர் வடித்த காய்களின் எடை இது:

பீன்ஸ் – 125 கிராம்
முட்டைக்கோஸ் – 150 கிராம்
காரட், உருளைக்கிழங்குத் துண்டுகள் – 156 கிராம்
பசலைக்கீரை – 180 கிராம்
மசித்த பூசணி – 245 கிராம்

ஆக, 100 கிராம் பீன்ஸுக்கு முக்கால் கிண்ணத்துக்குச் சற்று மேலேயே வேண்டும். பூசணி மசியலுக்கு அரைக் கிண்ணம்கூட வேண்டாம்! கீரையின் வேடிக்கை இன்னும் பெரிது. பச்சையாக ஒரு கிண்ணம் பசலை 30 கிராம்தான். கூடை நிறைய வாங்கிய கீரை வெந்ததும் சட்டியின் அடியில் ஒடுங்கிவிடும் ரகசியம் இதுதான்.

இதெல்லாம் வெறும் வேடிக்கைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நீரிழிவுக்காரர் ஒருவர் கிண்ணம் நிறைய பீன்ஸ் சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்து சுமார் 10 கிராம். அதே கிண்ணத்தில் உருளைக்கிழங்கு என்றால் சுமார் 31 கிராம். எடை அதிகம், கிராமுக்குக் கிராம் மாவுச்சத்தும் அதிகம். கிண்ணம் ஒன்றுதான், பலன் மூன்று மடங்கு! புத்தகத்தில் பார்க்கும்போது, அங்கே கொடுத்திருப்பது பச்சைக் காயின் கணக்கா, வெந்த காயின் கணக்கா என்பதையும் கவனியுங்கள்.

நம் வீட்டுப் பொரியலுக்கும் கூட்டுக்கும் இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. தேங்காயும் பருப்பும் எண்ணெயும் சேர்ந்தால் எடையும் மாறும், சத்தும் மாறும். ஆகையால் உங்கள் அட்டவணையை நீங்களே தயார் செய்யுங்கள். தினமும் சாப்பிடும் கிண்ணத்தைக் காலியாகச் சமையல் தராசில் நிறுங்கள். பிறகு பொரியலை அழுத்தாமல், தலை தட்டி நிரப்பி நிறுங்கள். இரண்டாவது எடையிலிருந்து முதலாவதைக் கழித்தால் பொரியலின் எடை. அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கரண்டிக்கும் இதே வழிதான்.

அடிக்கடி சமைக்கும் ஏழெட்டுக் காய்களுக்கு இப்படிக் குறித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும். அப்புறம் டாக்டர் கிராமிலேயே பேசட்டும். நீங்கள் கரண்டியிலேயே பதில் சொல்லலாம்!