ஒன்றரை மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்

மலைச்சரிவின் பிள்ளைகள் – 9

உக்குவெலையில் இருந்து எல்கடுவைப் பக்கம் ஏறும் பஸ்ஸில் பகல் இரண்டு மணிவாக்கில் உட்கார்ந்தால், சுற்றிலும் வெள்ளைச் சீருடைதான். தோட்டத்துச் சந்தி வரும்போதெல்லாம் நாலைந்து பிள்ளைகள் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் லயத்துக்கு நடக்கிறார்கள். அந்த நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்?

பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடுகிறது. அம்மா மலையில். அந்திக் கொழுந்து நிறுத்து, கொழுந்து மடுவத்தில் இருந்து அவள் வீடு வந்துசேர ஐந்து மணியாகிவிடும். அப்பா மாத்தளை டவுனில் மேசன் வேலைக்கோ கொழும்பில் கடைவேலைக்கோ போயிருப்பார். இடையில் மூன்றரை மணி நேரம், பிள்ளை எங்கே, யாரோடு என்று சொல்ல ஆளில்லை. சென்ற வாரம், சிறுவருக்குத் தீங்கு நடந்தால் அறிவிக்கும் 1929 என்ற இலக்கத்துக்கு வரும் அழைப்பு எங்கெங்கே போகிறது என்று பார்த்தோம். அழைப்பு வருகிறது என்றால் நடக்கக்கூடாதது ஏற்கெனவே நடந்துவிட்டது என்றுதான் பொருள். அதைத் தடுக்க வேண்டுமானால் இந்த மூன்றரை மணி நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மலையகத்துக்கு இந்த யோசனை புதிதல்ல. பிள்ளை மடுவம் இருந்ததே! தாய் பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவாள். கைப்பிள்ளைக்காரி இடையில் ஒருமுறை இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். துரைமாருக்குப் பிள்ளைகள் மேல் பாசம் பொங்கிக் கட்டிய கட்டடம் இல்லை அது. தாயின் இரண்டு கையும் கொழுந்துக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். வெளிச்சம் குறைந்த ஒரு நீளக் காம்பிரா, வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், மலைவேலைக்கு முடியாமல் போன ஒரு வயதான அம்மா. பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டால் இந்தச் சித்திரத்தைத்தான் சொல்வார்கள். ஆனாலும் பிள்ளையின் பகல் முழுவதும் பொறுப்பான ஒருத்தியின் கண்ணுக்குள் கழிந்தது.

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறியபோது, அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து லாப நோக்கற்ற ஓர் அமைப்பை உருவாக்கின. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தோட்டத்தில் ‘ட்ரஸ்ட்’ என்றால்தான் தெரியும். பிள்ளை மடுவம், சிறுவர் அபிவிருத்தி நிலையமாகப் பெயர் மாறியது இந்த ட்ரஸ்டின் காலத்தில். பயிற்சி பெற்ற பெண்கள் உத்தியோகத்தர்களாக வந்தார்கள். நிறை குறிக்கும் அட்டை வந்தது, திரிபோஷா வந்தது, சுவரில் அ, ஆ வந்தது.

இந்த உத்தியோகத்தரின் வேலையில் எழுதப்படாத ஒரு பகுதி இருக்கிறது. தினமும் பிள்ளைக்குக் கைகால் கழுவிவிட்டு உடுப்பு மாற்றுகிறவள் அவள். முதுகில் பெல்ட்டுத் தழும்பு இருந்தால் முதலில் அவள் கண்ணில்தான் படும். நேற்று வரை கலகலவென்று இருந்த பிள்ளை இன்று ஒரு மூலையில் ஒடுங்கினால், சாயங்காலம் கூட்டிப்போக வந்த சித்தப்பாவைக் கண்டு அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டால், அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். துஷ்பிரயோகத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. இந்த வேலைக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் மதிப்பையும் பார்த்தால், அந்தக் கருவியின் அருமை யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் மடுவம் ஐந்து வயதோடு முடிந்துவிடுகிறது. முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளில் இருந்து ஒன்றரை மணிக்குப் பிறகு பிள்ளை லயத்துக்குச் சொந்தம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. குடித்துவிட்டுப் படுத்திருக்கும் மாமா, வேலையில்லாத பக்கத்து வீட்டுக்காரர், போன் வைத்திருக்கும் அண்ணன்மார். தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குத் தனியாகப் போக வேண்டும். அந்நியர் யாரும் வர வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். இதைத் தோட்டத்தின் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் துளிர் என்ற அமைப்பு 2006இல் பாடசாலை போகும் 2,211 பிள்ளைகளிடம் விசாரித்தபோது, 42 வீதமானோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆண்பிள்ளைகளின் வீதம் பெண்பிள்ளைகளுடையதைவிடக் கூடுதல். நம் வீடுகளில் ‘பொட்டப்புள்ள பத்திரம்’ என்று சொல்லிவிட்டு ஆண்பிள்ளையை அவிழ்த்துவிடும் வழக்கத்துக்கு இந்தக் கணக்குப் பதில் சொல்கிறது.

சட்டம் இல்லாத குறை நமக்கில்லை. பெண்பிள்ளையின் சம்மத வயதைப் பன்னிரண்டில் இருந்து பதினாறாக்கிய தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 1995இல் வந்தது. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா தலைமையிலான ஜனாதிபதி செயலணியின் வழியில், 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை பிறந்தது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதியலாம் என்று 1999இல் ஒரு சட்டம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் பதினாறாயிற்று. அதே ஆண்டு யூலையில்தான் டயகமையில் இருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன பதினாறு வயதுச் சிறுமி தீக்காயத்தோடு வைத்தியசாலையில் இறந்தாள். டயகம நுவரெலியா மாவட்டம்தான். ஆனால் பிள்ளை பிடிக்கும் தரகருக்கு மாவட்ட எல்லை ஏது? ரத்தோட்டைப் பக்கத்துத் தாய்மாருக்கும் அவர் தெரிந்தவர்தான்.

இத்தனை சட்டம் இருந்தும் தாய்மார் ஏன் முறைப்பாடு செய்யத் தயங்குகிறார்கள்? பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அமைக்கும் கிராமச் சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள் சில தோட்டங்களில் இயங்குகின்றன. அப்படியொரு குழுவில் இருக்கும் அக்காவோடு லயம் லயமாக நடந்தபோது காதில் விழுந்த பேச்சு இது:

“பொலிசுக்குப் போனா புள்ளையக் கொண்டுபோயி இல்லத்துல போட்டுருவாங்களாம்ல அக்கா?”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. செஞ்சவன் இங்கேயே இருப்பான், என் புள்ள மட்டும் போகணுமா?”

அக்காவிடம் பதில் இருந்தது. “ஒங்க அம்மாயி வீடு மாத்தளையில இருக்குல்ல? அவங்க பொறுப்பெடுக்கிறேன்னு சொன்னா நீதவான்கிட்ட கேக்கலாம் தங்கச்சி. நான் கூட வாறேன்.”

அவர் சொன்னது சரி. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இலேயே வந்தது. பிள்ளையை உறவினர் உட்படத் தகுந்த ஒருவரின் பொறுப்பில் விட நீதவானுக்கு அதன் கீழ் அதிகாரம் உண்டு. இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அநாதைத்தனம் அல்ல. வறுமை, அப்பாவின் குடி, அம்மா வெளிநாடு போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் செலவிடும் காசில் ஒரு பங்கைக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கச் செலவிட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

“நான் கூட வாறேன்” என்று அந்த அக்கா சொன்னாரே, சமூக அமைப்புகளின் வேலை முழுவதும் அதில் இருக்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தர் ஒரு காரியாலயம், பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவு வேறோர் இடம், அதிகார சபையின் ஆள் இன்னோர் இடம். மலைவேலையை விட்டுப்போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், பஸ் காசு வேறு. போன இடத்தில் தமிழ் தெரிந்த ஆள் இன்று லீவு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கூட நடக்க ஆளில்லாமல் ஒரு தோட்டத் தாய் இதை முடித்துக் காட்டினால் அது அதிசயம்.

சரி, அந்த மூன்றரை மணி நேரத்துக்கு என்ன வழி? பக்கத்துக் கண்டியிலேயே இருக்கிறது. 2006இல் அங்கே தெருவில் பிச்சையெடுத்த பிள்ளைகளோடு தொடங்கிய சைல்ட் ஆக்ஷன் லங்கா, பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வந்து சாப்பிட்டு, படித்து, விளையாடும் நிலையங்களை நடத்துகிறது. கேட்கச் சாதாரணம்தான். பூட்டிக்கிடக்கும் மடுவக் கட்டடம் ஒன்று, தோட்டத்திலேயே உயர்தரம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தங்கச்சிமார் இரண்டு பேர், ஒரு பானைச் சோறு. மாத்தளையின் எந்தத் தோட்டத்திலும் இவை கிடைக்காத பொருட்கள் அல்ல. ஜனவசம, எல்கடுவ பிளாண்டேஷன் போன்ற அரச நிர்வாகத் தோட்டங்களில் கம்பெனித் தோட்டத்து வசதிகூட இல்லை என்பதால், அங்கேதான் முதலில் தொடங்க வேண்டும்.

2023 ஆகஸ்டில், மலையகத்தின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் மாத்தளையில் வந்து முடிந்தபோது ஊரே திரண்டது. அந்தக் கூட்டத்தில் லயத்தில் பிறந்து ஆசிரியராக, வங்கி அலுவலராக, கடைக்காரராக உயர்ந்த எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களிடம்தான் கேட்கிறேன். கோயில் திருவிழாவுக்கு உபயம் எடுப்பதுபோல் உங்கள் பிறந்த தோட்டத்தில் ஒரு மாலை வகுப்பின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தலைவரிடமும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசினால் தொடங்கிவிடலாம்.