சேவல் போன பிறகும் குஞ்சு எப்படி வந்துச்சு?

இன்னைக்கு எபிசோட் தேசூர்ல, எங்க ஆயா வீட்டுல தொடங்குது.

ஆடி மாசம் கூழ் ஊத்தினப்போ வீட்டுல இருந்த ஒரே சேவலை அடிச்சுக் குழம்பு வெச்சாங்க. அதுக்கு அடுத்த வாரம் ஒரு கோழி போட்ட முட்டைகளை அடை வெச்சாங்க, குஞ்சு பொரிச்சுது. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு கோழி போட்ட 9 முட்டையும் கூமுட்டை. ஆயா தறியில உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "சேவல் இல்லாமத்தானே அது பொரிச்சுது? இதுக்கு இன்னா கேடு? மலட்டுக் கோழி. குழம்பு வெச்சிட வேண்டியதுதான்."

லாஜிக் சரி மாதிரிதான் இருக்கு, இல்லையா? ஆனா தப்பு.

முட்டை போட சேவலே தேவையில்லை. நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகள்ல சேவல் கிடையாது. நாம கடையில வாங்குற அந்த முட்டையை அடை வெச்சாலும் பொரியாது. குஞ்சு வரணும்னாதான் சேவல் வேணும்.

சினைப்பையில இருந்து மஞ்சள் கரு கழண்டு, முட்டையா வெளிய வர சுமார் 25 மணி நேரம் ஆகும். வெள்ளைக் கரு சேர 3 மணி நேரம், ஓடு உருவாக மட்டும் 20 மணி நேரம். விந்தணு உள்ள போறது முதல் கால் மணி நேரத்துலதான். வெள்ளைக் கரு மூடிட்டா வழி கிடையாது. அதனால விந்தணு முன்னாடியே அங்க காத்திருக்கணும்.

அதுக்குக் கோழி உடம்புலயே ஒரு ஸ்டோரேஜ் இருக்கு. முட்டைக் குழாயோட கீழ்ப்பகுதியில இருக்குற நுண்ணிய குழாய்கள்ல விந்தணுவைச் சேமிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மேல அனுப்பும். சேவல் சேர்ந்து ஒரு வாரம், பத்து நாள் வரைக்கும் முட்டைகள் நல்லாவே கருக்கூடும். அப்புறம் குறைஞ்சு, 3 வாரத்துல பெரும்பாலும் தீர்ந்துடும். முதல் கோழிக்கு ஸ்டாக் இருந்துச்சு, ரெண்டாவதுக்கு இல்லை. அவ்வளவுதான்.

21 நாள் காத்திருக்கவும் வேண்டாம். அடை வெச்ச 7-வது நாள், இருட்டுல முட்டைக்கு அடியில மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிஞ்சா கரு வளருது. வெறும் வெளிச்சம்னா கூமுட்டை.

ஆயா முழுசா நம்பலை. ஆனாலும் பக்கத்துத் தெருவுல ஒரு சேவல் வாங்கி விட்டாங்க. அடுத்த அடையில 10 முட்டைக்கு 8 குஞ்சு. அந்த 'மலட்டுக் கோழி' இப்போ குஞ்சுங்களோட தறிக்குழி பக்கம் மேயுது.