ஒரு நோயாளி, இரு மருந்துச் சீட்டுகள்

ஹவுரா: வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குச் செல்லும் வங்காள நோயாளிகள், ஹவுராவில் காட்பாடிக்கு ரயில் ஏறுவது நெடுங்கால வழக்கம். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டபோதும், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிகளுக்கான சலுகையில் ரயில்வே கை வைக்கவில்லை. பயணத்துக்கு வழி உண்டு. ஆனால் அவர்கள் வைத்திருக்கும் மருந்துச் சீட்டுகளைச் சேர்த்துப் படிக்கத்தான் ஆளில்லை.

நிணநீர்ப் புற்றுநோயில் இது உயிர்ப் பிரச்னை. 2013-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இப்ருடினிப் மாத்திரை, சிலவகை நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' இதன் முக்கியப் பக்கவிளைவு. ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், இப்ருடினிப் உட்கொண்டவர்களில் 16 சதவீதத்தினருக்கும், அதே வகையைச் சேர்ந்த அகலாப்ருடினிப் உட்கொண்டவர்களில் 9.4 சதவீதத்தினருக்கும் இக்கோளாறு ஏற்பட்டது.

படபடப்புடன் வரும் நோயாளிக்கு உள்ளூர் மருத்துவர் வெராபமில், டில்டியாசெம் அல்லது அமியோடரோன் எழுதித் தரக்கூடும். இவை, இப்ருடினிப்பைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. ரத்தத்தில் புற்றுநோய் மருந்தின் அளவு உயர்கிறது; அதன் அளவைக் குறைத்தாக வேண்டும். மறுபுறம், டிகாக்சின் அளவை இப்ருடினிப் உயர்த்தக்கூடும் என்பதால், இரண்டுக்கும் இடையே குறைந்தது 6 மணி நேர இடைவெளி அறிவுறுத்தப்படுகிறது. எனவே மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் பெரும்பாலும் முதலில் பரிசீலிக்கப்படுகின்றன. பக்கவாதத்தைத் தடுக்க ரத்த உறைவெதிர்ப்பு மருந்து சேர்ந்தால், ரத்தக் கசிவு அபாயமும் கூடுகிறது.

பழைய சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. டாக்சோருபிசின் இதயத் தசையைப் பாதிக்கலாம். வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரானும் அமியோடரோனும் சேரும்போது, இதயத் துடிப்பின் மின்னோட்டம் ஆபத்தான அளவுக்குத் தடுமாறலாம்.

நாடாளுமன்றத்தில் புற்றுநோய் பற்றிய பேச்சு பெரும்பாலும் மருந்து விலையையும் வரியையும் சுற்றியே நிகழ்கிறது. 2024 பட்ஜெட்டில் 3 புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், நோயாளியின் சம்மதத்துடன் மருத்துவ ஆவணங்களை மருத்துவமனைகள் பகிர்ந்துகொள்ள வழி வகுத்தது. ஹவுரா இதய மருத்துவரின் சீட்டு வேலூரின் திரையில் தெரியும்போதுதான் அதன் நோக்கம் நிறைவேறும். அதுவரை, எல்லாச் சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்து, செல்லும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவதே நோயாளிக்குப் பாதுகாப்பு.