வடசென்னையும் பல்கலைக்கழகப் பாடமாகட்டும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு உருவானது. ஆயினும், வடசென்னை என்றவுடன் பலரது நினைவுக்கு வருவது குற்றமும் புகையும்தான். தமது ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கின்றனர்.

உழைப்பவர்களின் வரலாறு பாடநூலுக்கு வெளியே நிற்பது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் இதே நிலையில்தான் இருந்தனர். கலிஃபோர்னியா 1848 வரை மெக்சிகோவைச் சேர்ந்த நிலம். அங்கே வயல்களிலும் ரயில் பாதைகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள், பள்ளியில் ஸ்பானிய மொழி பேசியதற்காகவே தண்டிக்கப்பட்டனர்.

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினர். தங்கள் மக்களின் வரலாற்றையும் கற்பிக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்சிக அமெரிக்கர் குறித்த கல்வித்துறை தொடங்கியது. 1973-இல் நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கான ஆய்வு மையம் உருவானது.

இத்துறைகள் பண்டிகை, உணவு, இசை ஆகியவற்றோடு நின்றுவிடுவதில்லை. நிலம் கைமாறிய விதம், புலம்பெயர்வு, கூலி, சட்டம், இலக்கியம் அனைத்தும் பாடமாகின்றன. 1965-இல் டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும் அங்கே பாடம்தான். முதியோரின் வாய்மொழி நினைவுகள் வரலாற்று ஆவணமாக மதிக்கப்படுகின்றன.

எதிர்ப்பும் வந்தது. இத்தகைய பாடங்கள் பிரிவினையை வளர்க்கும் என்று கூறி அரிசோனா மாநிலம் 2010-இல் சட்டம் இயற்றியது. டூசான் நகரப் பள்ளிகளில் அப்பாடம் நிறுத்தப்பட்டது. அந்நடவடிக்கைக்குப் பின்னால் இனப் பகைமை இருந்தது என்று 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் இன வரலாற்றுப் பாடம் பயின்ற, படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் வருகையும் மதிப்பெண்களும் உயர்ந்ததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

வடசென்னைக்கு இப்படியொரு பாடத்திட்டம் அமைந்தால் அதில் என்னென்ன இடம்பெறும்? மீனவர் குடும்பத்தில் பிறந்து, 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் இடம்பெறுவார். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை பொதுவள மேலாண்மைக்கான பாடமாகும். கானாப் பாடலும் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் பண்பாட்டு வரலாறாகும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரம் சூழலியலையும் சட்டத்தையும் ஒருங்கே கற்பிக்கும்.

இது தற்புகழ்ச்சியாக அமைந்துவிடக் கூடாது. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளவுண்டு, புளியந்தோப்பில் மோதிக்கொண்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1918 முதல் 1939 வரையிலான சென்னைத் தொழிலாளர் வரலாற்றை தே.வீரராகவன் விரிவாக ஆராய்ந்துள்ளார். இத்தகைய ஆய்வுகள் நூலகத்திலிருந்து வகுப்பறைக்கு வர வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியும் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் அதற்குப் பொருத்தமான இடங்கள். முதற்படியாக ஒரு விருப்பப் பாடமும், மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவரின் நினைவுகளைப் பதிவு செய்யும் பயிற்சியும் போதும்.

காலம் குறைவு. பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. 1970-களில் இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், இன்று எழுபதை ஒட்டியோ கடந்தோ இருப்பார். எழுதப்படாத அவரது அனுபவம் அவரோடு மறைந்துவிடும். அவருடைய பேரப்பிள்ளைகளே இன்று கல்லூரி வகுப்பறையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தைக் கேட்டு எழுதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பது கல்வியாளர்களின் கடமை.