எலி எதைத் தின்னும், எதைத் தொடாது?

நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும்போதுதான் மயிலாப்பூர், மாம்பலம் வீடுகள் பலவற்றில் எலி குடியிருந்த சேதி தெரியவரும். பொம்மைகளைச் சுற்றிவைத்த பழைய புடவையும் செய்தித்தாளும் துணுக்குத் துணுக்காகக் கடிபட்டு, ஒரு மூலையில் கூடாகக் குவிந்திருக்கும். சுற்றிலும் கறுப்புப் புழுக்கை. அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மழைநீர் வடிகாலிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் வளை தோண்டியிருந்த எலிகள், தண்ணீர் ஏற ஏற மேட்டைத் தேடும். அந்த மேடு பல நேரம் நம் வீடாகிவிடுகிறது. சமையலறையைக் காபந்து செய்ய நினைப்பவர்கள் மழைக்கு முன்பே எலியின் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் யார் வருகிறார்கள்?

சென்னை வீடுகளில் முக்கியமாக மூன்று வகையினர் உண்டு. முதலாவது வீட்டெலி. மரமேறுவதில் கெட்டிக்காரன். தென்னை, முருங்கைக் கிளை, கேபிள் ஒயர் என எதையும் பிடித்து மொட்டைமாடிக்கு வந்து, அங்கிருந்து பரணில் இறங்கும். அதன் புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், இரு முனையும் கூராக இருக்கும். இரண்டாவது சுண்டெலி. அதன் புழுக்கை அரிசிமணியைவிடச் சிறியது. மூன்றாவது பெருச்சாளி. இது ஏறுவதைவிடத் தோண்டுவதில் வல்லது. அடுக்குமாடியின் தரைத்தளத்தில், கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்தில் மண் குவியலோடு தெரியும் வளைகள் பெரும்பாலும் இதனுடையவை.

நான்காவதாக ஒரு பிராணியும் வரும். நீண்ட மூக்கு, கிறீச்சென்ற குரல், ஒருவித நெடி; சுவரோரமாகவே ஓடும். அதுதான் மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. தானியத்தை அது அவ்வளவாக நாடாது. கரப்பான் பூச்சியையும் மற்ற பூச்சிகளையும் தின்னும். எலியென்று நினைத்து அதை அடித்துக் கொல்வது நமக்கே நஷ்டம்.

பல்லும் வயிறும்

எலியின் முன்பற்களைக் கிட்டத்தில் பார்த்தால் அவை வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருப்பது தெரியும். பல்லின் முன்பக்கத்து எனாமலில் இரும்புச் சத்து சேர்ந்திருப்பதே காரணம். பின்பக்கத்தில் எனாமல் கிடையாது, அது மென்மையானது. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் முதலில் தேய்வதால், முனை தச்சனின் உளியைப் போலத் தானே கூர்மையாகிறது. ஆயுள் முழுக்க இந்தப் பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும்; ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியவை. மரக்கதவு, பிளாஸ்டிக் டப்பா, மின் ஒயர், காரின் ரப்பர் குழாய் எதுவும் இவற்றுக்குத் தடையில்லை. கண்ணாடியும் எவர்சில்வரும் இறுகிய சிமெண்டும்தான் தடை.

வீட்டெலி நாளுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை உண்ணும். சுண்டெலிக்கு 3 கிராம் போதும்; ஆனால் அது ஒரே இடத்தில் தின்னாது, இரவில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். இரண்டுக்குமே தானியமும் பருப்பும் பிடிக்கும். தேங்காய், வேர்க்கடலை, பழம், எண்ணெய்ப் பண்டம், கருவாடு எல்லாமே விருந்துதான். சோப்பையும் மெழுகுவர்த்தியையும் கடிப்பதற்குக் காரணம் அவற்றிலுள்ள கொழுப்பு. எலிப்பொறியில் தேங்காய்ப் பத்தையும் மசால்வடையும் வைக்கும் நம் வீட்டு வழக்கத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: கொழுப்பும் பருப்பும் வறுத்த வாசனையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

வயல்வெளியிலும் கிடங்குகளிலும் வாழும் சிறிய பெருச்சாளி, தின்பதோடு நிற்காது. தானியத்தை வளைக்குள் சேர்த்தும் வைக்கும். செங்கல்பட்டுப் பக்கத்து நெல் வயல்களில் இருளர்கள் வளைக்குள் புகை ஊதி எலி பிடிக்கும்போது, அதில் பதுக்கிய நெற்கதிர்களையும் தோண்டி எடுப்பார்கள்.

வீட்டில் தின்றதைவிடக் கெடுத்ததுதான் அதிகம். எலி போகும் வழியெங்கும் சிறுநீர் விட்டுக்கொண்டே போகும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி அந்தச் சிறுநீரில் இருக்கலாம். அது தேங்கிய மழைநீரில் கலந்து, காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகக்கூட உடலுக்குள் புகும். எலி கொறித்த பண்டத்தில் கடித்த பகுதியை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது ஆபத்து. முழுவதையும் குப்பையில் போடுவதே முறை.

ஏன் ஏமாறுவதில்லை?

எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஒருமுறை விழுங்கிய விஷத்தை வெளியே தள்ள வழியில்லை. அதனால்தான் புதிய உணவை முதலில் துளி மட்டும் ருசி பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி தொடாது. 1955இல் அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் அவருடைய சகாக்களும் எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்து, அதோடு கதிர்வீச்சால் அவற்றின் உடல்நலத்தைக் கெடுத்தார்கள். எலிகள் பிறகு அந்த இனிப்பு நீரை ஒதுக்கின. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் 1980களில் இன்னொன்றைக் காட்டினார்: உண்டு வந்த எலியின் மூச்சை முகர்ந்தே மற்ற எலிகள் எந்த உணவு நம்பத்தக்கது என்று கற்றுக்கொள்கின்றன.

புதிய பொருளைக் கண்டாலும் வீட்டெலி சில நாள் ஒதுங்கியே இருக்கும். வாங்கிய அன்றே பொறியை விசையேற்றி வைத்தால் காலியாகத்தான் கிடக்கும். இரண்டு மூன்று நாள் விசை ஏற்றாமல் வடையை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். பொறியை அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக வைக்க வேண்டும். மீசை சுவரில் உரச ஓடுவதே எலியின் வழக்கம். அடிக்கடி போகும் சுவரில் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுப்புத் தடம் படிந்திருக்கும்.

விஷத்தைக் கடைசி வழியாகக்கூட வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே மேல். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்த இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையின் விற்பனைக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. ரத்தம் உறையவிடாத வகை மருந்துகள் மெதுவாக வேலை செய்வதால் எலிக்குச் சந்தேகம் வராது. ஆனால் மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அதே விஷம் போய்ச் சேரும். இரவில் நமக்காக எலி வேட்டையாடும் கூகையை நாமே கொல்வதாக முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியது

அரிசி, பருப்பு, ரவை, வேர்க்கடலை எல்லாம் எவர்சில்வர் டப்பாவிலோ மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டிலிலோ இருக்கட்டும். அரிசி மூட்டையைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். இரவில் மேடையைத் துடைத்து, எச்சில் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டுப் படுங்கள். வீட்டெலிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஒழுகும் குழாயையும் திறந்த வாளியையும் கவனியுங்கள். காக்கைக்கு வைக்கும் சோறு, நாய்க்கு வைக்கும் மிச்சம், புறாவுக்கு இறைக்கும் தானியம் ஆகியவற்றில் மீந்ததைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஓட்டைகள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும்; சிறிய வீட்டெலி 12 மில்லிமீட்டர் சந்தில் நுழைந்துவிடும். சமையலறைத் தொட்டிக் குழாய் சுவரில் நுழையும் இடம், ஏசி குழாய்த் துளை, வாஷிங் மெஷின் கழிவு வாய், குளியலறை ஜாலி, எக்ஸாஸ்ட் ஃபேன், கதவின் அடி இடைவெளி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிமெண்டாலோ ஸ்டீல் வலையாலோ அடையுங்கள். நைலான் கொசுவலையை எலி ஒரே இரவில் கிழித்துவிடும். மாடியைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

கடைசிக் காரியம் தனி வீட்டால் ஆகாது. பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாங்களும் ஈனத் தயாராகிவிடும். ஆகவே பத்து எலிகளைப் பிடித்தாலும் தெருமுனைத் தொட்டியில் சாப்பாடு இருக்கும்வரை அந்த இடம் மறுபடி நிரம்பும். ஒரு தெருவில் எத்தனை எலி வாழும் என்பதை அங்கே இரவில் கிடக்கும் உணவுதான் தீர்மானிக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எலி மருந்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், உணவுக் கழிவை இரவில் வெளியே வைக்காமல் காலையில் வண்டி வரும்போது மட்டும் கொடுப்பது என்று முடிவெடுங்கள். செலவில்லாத அந்த ஒரு முடிவு எந்த மருந்தையும்விட நீண்டகாலம் பலன் தரும்.