கோப்பும் குடிமகனும் – 11: எண்ணை மட்டுமே அறிந்த சாட்சி

அமெரிக்கப் படைவீரன் வீடு திரும்பும்போது பெற்றுச்செல்லும் டிஸ்சார்ஜ் பத்திரத்தைப் பற்றியும், அதில் ஒரு பதக்கத்தின் பெயர் விடுபட்டுப்போனால் அவன் படும் பாட்டைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வீரனின் சேவையையும் காயங்களையும் பதக்கங்களையும் குறித்துத் தருவது அந்தப் பத்திரம்; அதில் விடுபட்டதைப் பெற அவன் ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்த வாரம், இத்தகைய பிழைகளைத் திருத்தக் கோரும் விண்ணப்பங்களை விசாரிக்கும் பதிவேடு திருத்த வாரியத்தின் அதிகாரத்தை விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆயினும், அந்த வாரியத்தின் முன் வைக்கவேண்டிய ஆதாரங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று தேடிக்கொண்டு போகையில் எதிர்ப்பட்ட ஒரு விருத்தாந்தம், அதைச் சொல்லி முடிக்காமல் வேறொன்றையும் எழுதவொட்டாதபடி என் மனத்தைப் பற்றிக்கொண்டுவிட்டது. ஆதாரங்கள் எரிந்துபோன கதையில் அது தொடங்குகிறது.

1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, நள்ளிரவு கடந்து கால் மணி நேரம் ஆனபோது, மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாந்து என்னும் இடத்தில், படையில் பணியாற்றி விலகியோரின் கோப்புகளெல்லாம் சேமித்து வைக்கப்பட்டிருந்த தேசியப் பணியாளர் பதிவேட்டு நிலையத்தின் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. 42 தீயணைப்பு வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள் ஓடிவந்து போராடியும், முழுவதும் அணைந்தது என்று அறிவிப்பதற்கு ஜூலை 16ஆம் தேதி ஆகிவிட்டது. கட்டடத்தை வரைந்தவர் மினோரு யமசாக்கி. நியூயார்க்கில் அதே 1973ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களையும் வரைந்தவர் அவரே. கோப்புகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய்களைப் பொருத்தலாமா என்பது அந்த நிலையம் கட்டப்பட்ட காலத்து ஆவணக் காப்பாளர்களிடையே பெரிய விவாதமாக இருந்தது. குழாய் ஒழுகினால் காகிதம் பாழாகுமே என்று அஞ்சியவர்களின் அபிப்பிராயமே மேலோங்கியதால், கோப்புகள் அடுக்கப்பட்ட மேல்மாடி அந்தக் குழாய்களும் தடுப்புச் சுவர்களும் இன்றியே எழுந்தது. நனையக்கூடாது என்று எந்தக் காகிதங்களுக்காக அஞ்சினார்களோ, அந்தக் காகிதங்களின் மேலேயே இரவு பகலாகத் தண்ணீரைப் பாய்ச்ச நேர்ந்தது.

அழிந்தவை 160 லட்சத்திலிருந்து 180 லட்சம் கோப்புகள் வரை இருக்கும் என்பது அதிகாரபூர்வமான மதிப்பீடு. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் நூற்றுக்கு 80 பங்கும், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விமானப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் நூற்றுக்கு 75 பங்கும் போயின. விமானப்படைக் கோப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. அகரவரிசையில் 'ஹப்பர்ட்' என்ற குடும்பப்பெயருக்கு முன்னால் வருகின்றவர்கள் தப்பினார்கள்; பின்னால் வருகின்றவர்கள் எரிந்தார்கள். ஒரே விமானத்தில் பறந்த இருவரில் ஒருவனுடைய சேவைக்குச் சான்று இருப்பதற்கும் மற்றவனுடையதற்கு இல்லாமற்போவதற்கும் தந்தைவழி வந்த பெயரின் முதலெழுத்தே காரணமாயிற்று. அந்தக் கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை, நுண்படமும் எடுக்கவில்லை, எவை இருந்தன என்பதற்கு ஓர் அட்டவணைகூட எழுதி வைக்கவில்லை. முன்னாள் படைவீரர் நல இலாகா தன் அலுவலுக்காக இரவல் வாங்கிச் சென்றிருந்த லட்சக்கணக்கான தாள்கள், இரவல் போயிருந்த காரணத்தாலேயே பிழைத்தன.

எரியாமல் நனைந்தவற்றைக் காப்பாற்றிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செயின்ட் லூயிஸின் கோடை வெப்பத்தில் ஈரக் காகிதத்தில் பூஞ்சணம் பூப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அதைத் தடுக்க அவர்கள் தெளித்த மருந்து தைமால். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓமத்துக்கு மணமும் காரமும் தருகின்ற அதே வஸ்து. பிறகு, பால் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் கூடைகளில் அந்தக் கோப்புகளை அடுக்கி, அதே நகரத்தில் மக்டானல் டக்ளஸ் கம்பெனி விண்கலங்களைச் சோதிப்பதற்காக வைத்திருந்த வெற்றிட அறைக்குள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2,000 கூடைகளாக ஏற்றி, காற்றை உறிஞ்சி, ஈரத்தை வெளியேற்றினார்கள். வானத்தில் செல்லும் கலத்துக்காகக் கட்டிய அறையில், சேற்றில் ஊர்ந்த காலாட்படை வீரனின் கோப்பு உலர்ந்தது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகரோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இவ்விதம் மீட்கப்பட்டவை ஏறக்குறைய 65 லட்சம். ஓரம் கருகி நடுவில் மட்டும் எழுத்து நிற்கும் அந்தத் தாள்களை இன்றும் தனி அறையில், உரிய வெப்பநிலையில் பாதுகாத்து, விண்ணப்பம் வரும்போது கையுறை அணிந்து பிரிக்கிறார்கள்.

இனி, கோப்பே இல்லாமற்போன ஒருவனை எடுத்துக்கொள்வோம். 1944 டிசம்பரில் ஆர்டென்ஸ் காட்டுப் போரில் பீரங்கிக் குண்டின் சிதறல் காலில் பாய்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, குணமாகி, மறுபடியும் தன் கம்பெனியில் சேர்ந்து, போர் முடிந்ததும் ஊர் திரும்பியவன் அவன். அவனுடைய டிஸ்சார்ஜ் பத்திரத்தில் போரில் பட்ட காயங்களுக்கென்று உள்ள 34ஆம் கட்டத்தில், வீட்டுக்குப் போகும் ஆயிரக்கணக்கானோருக்கு வரிசையாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு குமாஸ்தா 'இல்லை' என்று அடித்துவிட்டான். வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த இளைஞன் அதை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டு, பெருவிரல் ரேகையும் வைத்துவிட்டான். போரில் காயமுற்றவன் என்பதால் அவனுக்கு உரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கிடைக்கவேண்டுமானால் மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும்: காயம் எதிரியின் செயலால் பட்டிருக்க வேண்டும், வைத்திய சிகிச்சை பெற்றிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அரசாங்கப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். காலில் தழும்பு இருக்கிறது. பதிவு மட்டும் சாம்பலாகிவிட்டது.

இங்கேதான் என்னை ஆட்கொண்ட விஷயம் வருகிறது. 1988ஆம் ஆண்டில், ஒரு கோடி ஆஸ்பத்திரிச் சேர்க்கைப் பதிவுகள் அடங்கிய கணிப்பொறி நாடாக்கள் தேசிய விஞ்ஞானக் கழகத்திடமிருந்து பதிவேட்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. 1942 முதல் 1945 வரையிலும், கொரியப் போரை ஒட்டி 1950 முதல் 1954 வரையிலும், தரைப்படையின் தலைமை மருத்துவ அதிகாரி அலுவலகம் தயாரித்தவை அவை. எந்த நோய் எத்தனை பேரை எத்தனை நாள் படுக்கையில் வைத்தது, எந்த ஆயுதம் உடலின் எந்தப் பாகத்தைச் சேதப்படுத்தியது என்று கணக்கெடுப்பதற்காகவே அவற்றைத் தொகுத்தார்கள். தனி மனிதர் யாருக்கும் உபகாரம் செய்யும் உத்தேசம் அதில் இருக்கவில்லை. ஆகையால் அவற்றில் பெயரே கிடையாது. படை எண், சேர்ந்த தேதி, காயத்தின் தன்மை, அதை உண்டாக்கிய ஆயுதம், போரில் நேர்ந்ததா அல்லவா என்பதற்கான குறி ஆகியவை மட்டுமே உண்டு.

பெயர் தெரியாத அந்தச் சாட்சியிடம் போவதற்கு எண் வேண்டும். எண்ணைக் கொடுப்பது யார் என்றால், சம்பளப் பட்டுவாடாக் குமாஸ்தா. படையிலிருந்து விலகியவனுக்குக் கடைசியாகச் சம்பளம் கொடுத்துத் தீர்த்த ரசீதுகள் 190 லட்சம், கணக்கு விவகாரமாகையால் வேறு இடத்தில் இருந்து தப்பிவிட்டன. அவற்றில் பெயரும் எண்ணும் சேவைக் காலமும் நன்னடத்தைக் குறிப்பும் இருக்கின்றன. பெயரைக் கொண்டு ரசீதைத் தேடி, ரசீதிலிருந்து எண்ணை எடுத்து, எண்ணைக் கொண்டு நாடாவைத் துழாவினால், பீரங்கிச் சிதறல், கீழ்க்கால், போர்க்காயம், 1944 டிசம்பர் என்று பதில் வருகிறது. ஒருவரையொருவர் அறியாத இரு குமாஸ்தாக்கள், ஒருவர் பணக்கணக்குக்காகவும் மற்றவர் நோய்க்கணக்குக்காகவும் எழுதிவைத்த இரண்டு வரிகள் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு ஒரு மனிதனுக்குச் சாட்சி சொல்லின. எல்லோருடைய காயமும் அந்த நாடாக்களில் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. இருக்கின்றவர்களுக்கு அது பெரும் பாக்கியம்.

எண் என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்த எட்டு இலக்க எண்ணில், 1 என்று தொடங்கினால் தானாக முன்வந்து சேர்ந்தவன். 2 என்றால் மாநிலக் காவற்படையிலிருந்து வந்தவன். 3 என்றால் கட்டாயச் சேவைச் சட்டத்தால் அழைக்கப்பட்டவன். இரண்டாவது இலக்கம் அவன் எந்த வட்டாரத்தில் சேர்ந்தான் என்பதைக் காட்டும். கழுத்தில் தொங்கிய தகட்டில் பொறித்திருந்த அந்த எண்ணை, மற்றவை மறந்துபோன முதுமையிலும் மறவாமல் ஒப்பிக்கும் வீரர்கள் அநேகர். அவர்களுடைய ஞாபகத்தில் தங்கிய எட்டு இலக்கங்களே அவர்களுக்குக் கடைசி ஆதாரமாகிவிடுகின்றன.

நாடாவிலும் கிடைக்காதவனுக்குக் காலை அறிக்கை உண்டு. ஒவ்வொரு கம்பெனியிலும் குமாஸ்தா தினந்தோறும் காலையில் எழுதி அனுப்பவேண்டிய அந்தத் தாளில், நேற்றிருந்த நிலையிலிருந்து மாறியவர்களின் பெயர்கள் மாத்திரமே இடம்பெறும்: வந்தவன், போனவன், இறந்தவன், 'பணியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, போரில் இலேசான காயம்' என்று ஒரே வரியில் அடங்கிவிட்டவன். பதுங்குகுழியில் முழங்காலின் மேல் காகிதத்தை வைத்து எழுதியவனுக்கு, தான் ஒரு பதக்கத்துக்குப் பிரமாணம் எழுதுகிறோம் என்ற எண்ணம் இருந்திருக்க முடியாது. அந்தக் குமாஸ்தாக்களிடம் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

காயம் படாதவர்களுக்கும் விடுபட்டவை உண்டு. போர்க்காலத்தில் உலோகம் அரிதாயிருந்ததால் போர்முனைப் பதக்கங்களுக்குப் பட்டை நாடாவை மட்டும் கொடுத்து, உலோகத்தைப் போர் முடிந்த பின்பே வார்த்தார்கள். ஐரோப்பாவில் நேசப்படைகளை நடத்திய தளபதி ஐசனோவருக்கே ஐரோப்பியப் போர்முனைப் பதக்கம் 1947இல்தான் கிடைத்தது. அதே ஆண்டில் ஏற்பட்ட விதியொன்று, அந்தப் போரில் காலாட்படைச் சின்னமோ போர் மருத்துவச் சின்னமோ பெற்ற ஒவ்வொருவனும் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவன் என்று சொல்கிறது. அதற்குள் அவர்கள் ஊர் திரும்பி, ஏர் பிடித்தும் கடை வைத்தும் பிழைக்கத் தொடங்கியிருந்தார்கள். விண்ணப்பித்தால்தான் பதக்கம் என்றிருந்தபடியால், தமக்கு அப்படியொன்று உண்டென்பதை அறியாமலே எத்தனையோ பேர் கண்மூடினார்கள். வியட்நாமிலும் இவ்விதமே: அங்கே பணியாற்றிய படைப்பிரிவுகள் அனைத்துக்கும் வியட்நாம் குடியரசு வழங்கிய வீர விருதை அமெரிக்கத் தரைப்படை 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது ஆணையில் பிரசுரித்தபோது, அந்த வீரர்களில் பெரும்பாலோர் டிஸ்சார்ஜ் பத்திரம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தகைய குறைகளைத் தீர்ப்பது சுலபம். ஆதாரம் கிடைத்துவிட்டால், டிஸ்சார்ஜ் பத்திரத்தை மாற்றி எழுதாமல், விடுபட்டதைக் குறிக்கும் 215ஆம் எண் படிவத்தை அதனோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆதாரம் கிடைக்காதபோதுதான் வாரியம். அந்த வாரியம், அரசாங்கப் பதிவு சரியானது என்ற அனுமானத்தோடு விசாரணையைத் தொடங்குகிறது. தவறு என்று நிரூபிக்கும் பாரம் விண்ணப்பதாரன் மேல் விழுகிறது. சாதாரண வழக்குகளில் இது நியாயமே. ஆனால் பதிவைக் காப்பாற்றும் கடமை எவருடையதோ அவருடைய கட்டடத்திலேயே அது எரிந்துபோன பிறகும், எண்பது வயதுக் கிழவரைப் பார்த்து நிரூபி என்று கேட்பது தர்மமாகாது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். பதக்கம் அவர் கேட்கும் உபகாரமன்று. அவருக்கு வரவேண்டிய பாக்கி. பாக்கிக் கணக்கைத் தொலைத்தவரே அதைத் தேடித்தர வேண்டும்.

1946ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாரியத்தை ஏன் தோற்றுவித்தது, மூன்று ஆண்டுக் கெடு என்பது யாரை வாட்டுகிறது, கென்டக்கி விவசாயி கார்லின் கானருக்கு, அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், 2018இல் நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் எப்படிக் கிடைத்தது என்பவற்றை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அதற்கிடையில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டுப் படையிலாயினும் பணியாற்றிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே அவரருகில் உட்கார்ந்து, அவருடைய படை எண்ணையும், பணியாற்றிய பிரிவின் பெயரையும், சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் கேட்டு எழுதி, டிஸ்சார்ஜ் பத்திரத்தின் நகலோடு சேர்த்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்துவிடுங்கள்.